முகூர்த்தப் புடவைக்கு ஆகாத நிறம்

என் சங்கீதாக்காவுக்கு,

நீ எங்கே இருந்தாலும் உனக்கு வலி இல்லாமல் இருக்க வேண்டும். இதை முதலில் சொல்லிவிட நினைத்தேன், சொல்லிவிட்டேன். இனி உன்னோடு சண்டை.

எனக்கு வாயால் சண்டை போட வராது என்று உனக்குத் தெரியும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலச் சொல்லவும் வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூடப் பக்கத்துப் பெண்தான் எனக்காக 'உள்ளேன் டீச்சர்' சொல்வாள். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதிப் பீரோவில் மடித்து வைத்தால் அதுவும் பேசாமல் இருந்ததுபோலத்தான். எல்லோரும் படிக்கட்டும்.

போன சித்திரையில் கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். கடலுக்குள் மூழ்கி எடுத்தது. மான்கொம்பு மாதிரி கிளை கிளையாக ஒரு பவளப்பாறை. கொம்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறம், நுனியில் மட்டும் மின்னுகிற வெளிர்நீலம். உள்ளே யாரோ பல்பு போட்டு வைத்ததுபோல இருந்தது. கீழே 'எப்படி இருக்கு பாரு துர்கா' என்று எழுதியிருந்தாய். 'செம அழகுக்கா, இதே கலர்ல ஒரு கழி நூல் போடட்டா' என்று கேட்டேன். பதிலுக்கு நீ ஒரு சிரித்த முகத்தை மட்டும் அனுப்பினாய்.

ஏன் அக்கா அந்தச் சிரித்த முகம்? அது என்ன நிறம் என்று உனக்குத் தெரியும். அதைப் படிக்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தாய். தெரிந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை? பத்தாவதோடு நின்றவளுக்கு விளங்காது என்று நினைத்தாயா? நான் சந்தோஷப்படுகிறேன், கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாயா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம்தான்.

நான் பத்தாவதோடு நின்ற கதை இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அப்பா பட்டுநூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதில் இரண்டு அடுப்பு, இரண்டு பெரிய பாத்திரம். கொதிக்கிற சாயத் தண்ணீரில் நூல் கழிகளைக் கம்பில் கோத்துத் தொங்கவிட்டு, திட்டு விழாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதை அம்மாதான் செய்துகொண்டிருந்தாள். ஆவி பட்டுப் பட்டு அம்மாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. அதே வருடம் உனக்குக் கடல் உயிரியல் படிக்க இடம் கிடைத்தது. நீ போயாக வேண்டும், அம்மா நிற்க முடியாது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொண்டீர்கள்.

பை தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது நீ என் கன்னத்தைத் தட்டி, "பழகிடும் துர்கா" என்றாய். பழகவும் பழகிவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு மூன்று மாதம் நான் அந்தப் போட்டோவைத் திறக்கவில்லை. ஆவணியில் திறந்தேன். அந்த நிறத்தை நூலில் கொண்டு வந்தே தீர வேண்டும் என்று தோன்றியது. நீலம் கூடினால் செத்த மாதிரி இருந்தது, சிவப்பு கூடினால் மட்டமாக இருந்தது. நாலாம் நாள் கிடைத்தது. அப்பா வெளியே வெயிலில் நின்று நூலையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எந்தச் சாயக்காரன்மா போட்டது இது? ஒரு இடத்துலகூடத் திட்டு இல்லியே. கடலுக்குள்ள ஒரு கொட்டா போட்டுக்கினு உக்காந்துக்கிறானா?"

நீ போனதற்குப் பிறகு அப்பா அடித்த முதல் கிண்டல் அது. நம் வீட்டில் புதிதாக ஒரு நிறம் பிடித்தால் முதல் கழியைச் சாமி படத்துக்குச் சாத்துவோம் இல்லையா? இந்தக் கழியை அப்பா உன் படத்துக்குச் சாத்தினார்.

நாங்கள் எந்த இடத்தில் தவறினோம் என்று பார். சாயக்காரர்களுக்கு நிறம் துள்ளினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மங்கினால், வெளுத்தால், திட்டு விழுந்தால்தான் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்துப் பழக்கம். ஒரு பொருள் சாகப்போகும்போது நிறம் துள்ளும் என்று நாங்கள் எங்கே கண்டோம்?

நாம் வழக்கமாகச் சாயம் போட்டுக் கொடுக்கும் கடையின் முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்தார். உன் படத்தைக் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கண் அந்தக் கழிக்குப் போய்விட்டது. தைக் கல்யாணங்களுக்கு இந்த நிறத்தில்தான் முகூர்த்தப் புடவை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. போட்டோவும் கேட்டார். நான்தான் அனுப்பினேன். அதைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை முகப்பில் கண்ணாடிக்குள் வைத்தார்கள். பக்கத்தில் பலகை: 'உயிருள்ள பவளம். கடலின் ஆனந்த வண்ணம்.'

செவிலிமேடு பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே போனேன். என் அக்கா எடுத்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல ஆசை. சொன்னதில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கார்த்திகையில் உன் பையைக் கொடுக்க ஜெனிஃபர் வந்தாள். உன்னோடு படகில் போனவள், உன்னோடு ஒரே அறையில் இருந்தவள். இவ்வளவு தாமதமாக வந்ததற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், காபி குடித்தாள். பிறகு உன் படத்தைப் பார்த்தாள். அதில் தொங்கிய கழியையும் பார்த்தாள்.

"இந்தக் கலரை எதுக்கு பிள்ள இங்க மாட்டி வச்சிருக்கிய?"

அப்பா பெருமையாக எல்லாம் சொன்னார், கடை முகப்புவரைக்கும். அவள் முகம் மாறிக்கொண்டே போனது. தன் போனை எடுத்து நாலு படம் காட்டினாள். நாலும் ஒரே பாறை. முதலாவதில் அது பழுப்பாக, பாக்குத் தூள் மாதிரி இருந்தது. இரண்டாவது நீ எனக்கு அனுப்பிய கத்தரிப்பூ நிறம். மூன்றாவது சுத்த வெள்ளை. நாலாவதில் வெள்ளையின் மேல் அழுக்குப் பச்சையாக ஏதோ படர்ந்து, குப்பைமேட்டில் கிடக்கும் பழைய துணி மாதிரி இருந்தது.

"இதுல எதும்மா நல்லா இருக்குறது?" என்று அப்பா கேட்டார். அவள் பழுப்பைக் காட்டினாள்.

பவளம் கல் இல்லையாம், செடியும் இல்லையாம். குட்டிக் குட்டிப் பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொண்டே போகுமாம். அதுதான் பாறை. அந்தப் பிராணியின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலை வாங்கிச் சமைத்துப் பவளத்துக்குச் சோறு போடுகிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் கொடுக்கிறது. அந்தப் பழுப்பு பாசியின் நிறம். சோறு இருக்கிற வீட்டின் நிறம் என்று வைத்துக்கொள்.

வழக்கமான கோடையைவிட ஒரு டிகிரி கூடுதலாகத் தண்ணீர் சுட்டு, அது சில வாரம் அப்படியே நின்றால் போதுமாம். சூட்டிலும் வெயிலிலும் பாசியின் சமையல் கெட்டு, அதிலிருந்து விஷம் கசிகிறது. பவளத்துக்கு வேறு வழி இல்லை, சோறு போட்ட பாசியையே வெளியே தள்ளிவிடுகிறது. பிறகு சதை கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. சில வகை மட்டும் பாசி போகிற நேரத்தில் தன் சொந்த நிறத்தை அள்ளிப் பூசிக்கொள்ளுமாம், வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. நிழல் இருந்தால் பாசி திரும்பி வரக்கூடும் இல்லையா? அந்தக் குடைதான் நீ அனுப்பிய கத்தரிப்பூ.

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "சூட்டுல எப்படிமா கலர் போவும்? சூடு இருந்தாத்தானே கலரே ஏறும்" என்று இரண்டு முறை கேட்டார். நாற்பது வருடமாக வெந்நீரில் நிறம் ஏற்றுகிறவரின் கேள்வி. ஜெனிஃபர் சிரிக்கவில்லை. வெளுத்ததும் அது செத்துவிடாது, பட்டினி கிடக்கும், தண்ணீர் சீக்கிரம் ஆறினால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும் என்றாள். போன கோடையில் ஆறவில்லை. நாலாவது படம் அதுதான்.

அவள் போன பிறகு உன்னோடு நான் பேசிய பழைய செய்திகளைப் பார்த்தேன். அந்தப் பவளப் போட்டோ வந்து பத்து நாள் கழித்து நீ உன்னையே எடுத்து ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறாய். படகில் உட்கார்ந்து சிரிக்கிறாய். கன்னம் இரண்டும் சிவந்திருக்கிறது, கண் பளபளக்கிறது. நான் கீழே 'அழகாயிட்டேக்கா, கடல் காத்து ஒத்துக்குதா' என்று எழுதியிருக்கிறேன்.

அது காய்ச்சல். அன்றைக்கே காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டெங்கு, உன்னைக் கொண்டுபோன டெங்கு. பாறைகள் வெளுக்கிற வாரங்களில்தான் கடலுக்குள் இறங்கிக் கணக்கெடுக்க வேண்டும், உடம்பு சரியில்லை என்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படகேறியிருக்கிறாய். அம்மா போனில் கேட்டால், "ஒன்னும் இல்லம்மா, தூங்கினா சரியாப் பூடும்." சிவந்ததை அழகு என்று சொன்னவள் நான். என்னைத் திருத்தாமல் விட்டவள் நீ. இரண்டாவது முறையும் ஒரு சிரித்த முகம்தான் அனுப்பியிருக்கிறாய். இதற்கு நான் யாரை அடிப்பது அக்கா?

அடுத்த வாரம் மீதிக் கழிகளைக் கடையில் கொடுக்கப் போக வேண்டியிருந்தது. பலகையையாவது மாற்றச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சினேன். உன் பாறை கடைசியாகப் பிடித்த குடையைக் கல்யாணக் கடை வாசலில் ஆனந்தம் என்று எழுதி நிற்க வைத்திருக்கிறார்கள், எழுத வைத்தவள் நான். அது இறங்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா, தானே பக்குவமாகப் பேசுவதாகச் சொன்னார். நீ வாயைத் திறக்காதே என்று என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. யாருக்குத்தான் தோன்றும்?

அப்பா பக்குவமாகத்தான் பேசினார். முதலாளி கழிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவரும் போனில் ஏதோ படித்திருக்கிறார். சூடு தாங்குகிற வேறொரு வகைப் பாசி இருக்கிறதாம், அது வந்து உட்கார்ந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளுமாம்.

"இயற்கை இருக்குதேப்பா. எல்லாம் பழகிக்கும். நீ எதுக்கு வருத்தப்பட்டுக்கினு?"

அது பாதிதான் உண்மை. அந்தப் பாசியைப் பற்றி ஜெனிஃபர் சொல்லியிருந்தாள். அது சூட்டைத் தாங்கும், ஆனால் சோறு குறைத்துத்தான் போடும். பவளம் உயிரோடு இருக்கும், வளர்ச்சி சுணங்கிப்போகும். சூடு இன்னும் ஏறினால் அதுவும் தாங்காது. இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பரீட்சைக்குப் படித்த மாதிரி. ஆனால் 'பழகிக்கும்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எல்லாம் கலைந்துவிட்டது. யாரோ சூடேற்றுவார்கள், இன்னொருவர் பழகிக்கொள்ள வேண்டும். பாதிச் சோறு தின்று, பாதி வளர்ந்து, சரி என்று இருந்துகொள்ள வேண்டும். யாரைக் கேட்டு வைத்த சட்டம் இது?

அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம் ஒன்று மெத்தையில் உட்கார்ந்திருந்தது. விற்கிறவர் நம் நிறத்தைத்தான் விரித்துக் காட்டினார். கடலில் உயிரோடு இருக்கிற பவளம் இந்த நிறம்தான், முகூர்த்தத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்றார். கல்யாணப் பெண் எழுந்து தோளில் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு உன் வயது இருக்கும்.

"அது உயிரோட இருக்குற கலர் இல்லக்கா. சாவுறதுக்கு முன்னாடி வர்ற கலர்."

என் குரல்தான். அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது.

பெண்ணின் அம்மா அந்தப் புடவையை மகள் தோளிலிருந்து பிடுங்கி எறிந்தார், தேள் விழுந்த மாதிரி. "முகூர்த்தப் புடவை எடுக்குற எடத்துல என்ன பேச்சு பேசற நீ? நல்லா இருப்பியா?" என்றார். மொத்தக் கூட்டமும் ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் எழுந்து போய்விட்டது. விற்கிறவர் வாசலில் கற்பூரம் ஏற்றினார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தார்.

அன்று மாலையே பலகை இறங்கிவிட்டது, போட்டோவும் போய்விட்டது. நான் கேட்டது நடந்தது. எதற்காக நடந்தது? அபசகுனம் என்பதற்காக. சாவு என்ற ஒரு வார்த்தை எல்லோர் காதிலும் விழுந்தது. எது சாகிறது என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கலாம். ஊரே வாய் பொத்திக்கொண்டு ஒரு கல்யாணத்துக்காகப் பயந்தது. ஒரு கடல் வேகிறதே, அதற்கு யாரும் கற்பூரம் ஏற்றவில்லை.

அந்தப் பெண்ணின் அம்மாவை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது. அவர் என்ன செய்தார்? என் கோபத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் கொட்டிவிட்டேன்.

அந்தக் கடை வேலை நின்றுவிட்டது. இன்னும் இரண்டு கடைக்கும் செய்தி போய், அங்கேயும் சாக்கு சொல்கிறார்கள். தெருவில் பேச்சே வராத பெண்ணுக்கு இப்போது வாயாடி என்று பெயர். அம்மாதான் மூச்சிரைப்போடு சிரித்தாள்: "பதினேழு வருசமா சேத்து வெச்சத ஒரே வார்த்தையில செலவு பண்ணிட்டா." அப்பா சிரிக்கவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை.

பத்தாம் நாள் கடையிலிருந்து திரும்பி வந்த கத்தரிப்பூக் கழிகளை எடுத்து, அரக்கு நிறத்தில் முக்கினார். நான் திருப்பிக்கொண்டிருந்தேன். உன் படத்தில் இருந்த கழியையும் அவரே எடுத்து வந்து போட்டார். அது முழுவதும் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஆறுனா அந்தப் பாசி திரும்பி வந்துடுமா?"

"சீக்கிரம் ஆறுனா வரும்பா."

"நம்ம அடுப்பு ஆறிக்கினு கீது. ஊர்ல ஒலகத்துல பெரிய பெரிய அடுப்பு வெச்சிருக்கானே, அவன் அடுப்பு எப்ப ஆறும்?"

நீ இருந்தால் அப்பாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பாய்? எல்லோரும் சேர்ந்துதான் பூமியைச் சூடாக்குகிறோம் என்று டிவியில் ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். என் அம்மா நுரையீரலைத் தின்ற இரண்டு அடுப்பும், வானத்தை அடைக்கிற புகைக்கூண்டுகளும் ஒன்றா? அந்தப் புகை வெளியே விடாமல் அடைத்துவைத்த சூட்டில் பெரும்பகுதியைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறதாம். அது வாயில்லாதது என்று தெரிந்துதானே அதன் தலையில் கட்டுகிறார்கள்?

போன வாரம் ஜெனிஃபர் கூப்பிட்டாள். நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறாள். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. வேறு ஒரு விஷயம் சொன்னாள். கடலுக்குள் இறங்கும்போது ஓர் அட்டை கொண்டு போவீர்களாமே, வெளிறியதிலிருந்து கருத்தது வரை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் போட்ட பழுப்புக் கட்டங்கள் கொண்டது. பவளத்தின் பக்கத்தில் பிடித்து, எந்தக் கட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று எழுத வேண்டும். கட்டம் வெளிற வெளிறப் பாசி குறைகிறது. அதில்தான் தினமும் சண்டையாம். ஒருத்தி மூன்று என்பாள், இன்னொருத்தி நாலு என்பாள். நீ இருந்தபோது நீ சொன்னதுதான் முடிவாம், சாயக்காரர் வீட்டுப் பெண் என்று.

அட்டையும் பவளமும் சேர்ந்து இருக்கிற படங்கள் சிலவற்றை எனக்கு அனுப்பினாள். கொட்டகைக்கு வெளியே வந்து நின்று பார்த்தேன். கடல் தண்ணீர் எல்லாவற்றையும் நீலமாகக் காட்டுகிறது, ஆனால் அட்டையும் அதே தண்ணீருக்குள்தானே இருக்கிறது? மாதிரி நூலையும் போட்ட நூலையும் ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதுபோலத்தான். ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினேன். அவள் உன் பழைய நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் மாறியதாம். அந்த ஒன்றில் நீதான் தப்பு அக்கா. இன்னொரு முறை பார்த்தேன், நீதான் தப்பு. நல்லதாக இருக்கட்டும் என்று ஒரு கட்டம் கூட்டிப் போட்டிருக்கிறாய்.

சித்திரையில் கடல் மறுபடி சூடேறும். அந்த வாரங்களில் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருக்கிறாள். அம்மாவிடம் கேட்டேன், சரி என்றாள். அப்பா யோசிக்கிறார். அவர் வேண்டாம் என்றாலும் படங்கள் எனக்கு வந்துவிடும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். மூன்று என்றால் மூன்று என்றுதான் சொல்வேன். வெளுத்திருந்தால் வெளுத்துவிட்டது என்று எழுதச் சொல்வேன். கத்தரிப்பூ நிறத்தில் மின்னினால், அதற்கு எவ்வளவு அழகான பெயரை யார் வைத்தாலும், சோறு தீர்ந்துபோன வீடு என்று எத்தனை கடை வாசலில் வேண்டுமானாலும் சொல்வேன். பழகிக்கொள்ளும் என்று மட்டும் யார் விஷயத்திலும் இனி சொல்லமாட்டேன்.

உன் நோட்டில் நீ கூட்டிப் போட்ட அந்த ஒரு கட்டத்தைத் திருத்திவிட்ட தங்கச்சி,
துர்கா